அலமாரிக்குப் பின்னால் ஒரு கருப்புச் சிலந்தி: விதவையா, வேறேதாவதா?

#1 கதவிடுக்கு

நேற்று இரவு பழைய காகிதக் கட்டுகளை எடுக்க அலமாரியை நகர்த்தினேன். பின்பக்க மூலை முழுக்க ஒட்டடை. விளக்குமாற்றை வைத்து ஒரு இழு இழுத்ததும், அதிலிருந்து ஒன்று தொப்பென்று தரையில் விழுந்து, எட்டுக் காலையும் மடக்கிக்கொண்டு செத்தது போலக் கிடந்தது. கருப்பு. எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு. பின்னுடல் உருண்டையாக மணி போல இருக்கிறது. உடல் மட்டும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

படம் எடுத்து மொபைல் செயலி ஒன்றிடம் காட்டினேன். "கருப்பு விதவை, கொடிய நஞ்சு" என்று சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டது. அதற்குள் அது எழுந்து நடந்து மறுபடியும் அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. நடை மிக மோசம், தடுமாறித் தடுமாறி.

வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. இன்றிரவு தூங்க முடியுமா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். படம் இணைத்துள்ளேன்.

#2 தூசிதட்டி

செருப்பு. இந்த விவாத இழையை மூடிவிடலாம்.

#3 எட்டுக்கண்

செருப்பைக் கீழே வையுங்கள் தூசிதட்டி, ஆள் யாரென்றே தெரியவில்லை.

கதவிடுக்கு, உங்கள் படத்தில் தெரிவது முதுகு. கருப்பு விதவையை முதுகை வைத்து உறுதி செய்ய முடியாது, தள்ளவும் முடியாது. கருப்பாக, உருண்டையாக, பளபளப்பாக இருப்பவை அந்தக் குடும்பத்தில் நிறைய. நீங்கள் பார்த்தது தெரிடியிடே குடும்பம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒழுங்கற்ற ஒட்டடை, உருண்டைப் பின்னுடல், தரையில் விழுந்தால் செத்தது போல நடிப்பது, தரையில் நடக்கத் தெரியாத நடை, எல்லாம் அந்தக் குடும்பத்து லட்சணம். விதவைகளான லாட்ரோடெக்டஸும் அங்கேதான், அவற்றைப் போல வேஷம் கட்டியது போலிருக்கும் ஸ்டியடோடாவும் அங்கேதான். ஏறக்குறைய பங்காளிகள்.

மூன்று விஷயம் வேண்டும். வயிற்றுப் பக்கத்தின் படம், விதவைக்கு அங்கேதான் உடுக்கை போல ஒரு சிவப்புக் குறி இருக்கும். வலையில் முட்டைப் பை இருந்தால் அதன் படம். முடிந்தால் தலைக்கு நேர் முன்னாலிருந்து நெருக்கமாக ஒன்று.

குழந்தையை இன்றைக்கு அந்த அறைக்குள் விடாதீர்கள், அவ்வளவு போதும். இந்தச் சிலந்திகள் வலையை விட்டு வெளியே வந்து ஆளைத் தேடிக் கடிப்பதில்லை. அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு, அது கைக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கினால்தான் கடிக்கும்.

#4 கதவிடுக்கு

நன்றி அண்ணா. வயிற்றைப் படம் எடுப்பது எப்படி? அதைக் கையில் பிடித்துத் திருப்பும் தைரியம் எனக்கில்லை.

#5 எட்டுக்கண்

அண்ணா இல்லை, அக்கா.

திருப்பவே வேண்டாம். இந்தக் குடும்பத்துச் சிலந்திகள் வலையில் தலைகீழாகத் தொங்கும். அதாவது வயிறு வானத்தைப் பார்க்கும், முதுகு தரையைப் பார்க்கும். வலையில் இருக்கும்போது மேலேயிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உங்களுக்குத் தெரிவது வயிறு. இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். மேலேயிருந்து பார்த்துவிட்டு "முதுகில் சிவப்பு இருக்கிறது" என்பார்கள், அது வயிற்றுச் சிவப்பாக இருக்கும். கீழேயிருந்து பார்த்துவிட்டு "வயிற்றில் ஒன்றுமே இல்லை, பயப்பட வேண்டாம்" என்பார்கள், அவர்கள் பார்த்தது வெறும் முதுகு. இரண்டாவது வகைத் தவறுதான் ஆபத்து.

அடையாளம் எளிது. நூல் வரும் முனை பின்னுடலின் கடைசியில் வயிற்றுப் பக்கமாக இருக்கும். எட்டுக் காலும் உடலோடு சேருமிடம் தெளிவாகத் தெரிந்தால் அது அடிப்பக்கம்.

#6 லென்ஸ்காரர்

படத்துக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல் போங்கள், அப்போதுதான் மறைவிடத்திலிருந்து வலையின் நடுவுக்கு வரும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். நேரே அடித்தால் பளபளப்பு வெள்ளையாகத் தெறித்து, இருக்கும் அடையாளமும் போய்விடும்.

வலை எட்டாத இடத்தில் இருந்தால் கண்ணாடித் தம்ளரும் தடித்த அட்டையும். தம்ளரைக் கவிழ்த்து மூடி, அட்டையைக் கீழே செருக வேண்டும். அவசரப்பட்டுச் செருகினால் கால் சிக்கி முறியும், மெதுவாக. பிறகு தம்ளரை நிமிர்த்தி, அது அடியில் போய் நின்றதும் கீழிருந்து கண்ணாடி வழியாக எடுங்கள். இந்தச் சிலந்திகளால் வழவழப்பான கண்ணாடியில் ஏற முடியாது. ஆனால் சற்று நேரம் விட்டால் நூல் விட்டு, அந்த நூலைப் பிடித்து ஏறும். அட்டை மேலேயே இருக்கட்டும்.

#7 இரவுப்பணி

நான் மருத்துவர். சிலந்தி அடையாளம் எனக்குத் தெரியாது, கடி தெரியும். படம் எடுக்கப் போகும் முன் ஒன்று: கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

விதவைக் கடி முதலில் குண்டூசி குத்தியது போலத்தான் இருக்கும், சிலருக்கு அதுகூடத் தெரியாது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வலி ஏறும். கடித்த இடத்தைச் சுற்றி மட்டும் வியர்க்கும், இது தனித்துவமான அடையாளம், மற்றப் பூச்சிக் கடியில் பார்ப்பது அரிது. அப்புறம் தசைப்பிடிப்பு. காலில் கடித்தாலும் வயிறு பலகை போல இறுகலாம். குடல்வால் வலியென்று நினைத்து அறுவைச் சிகிச்சை வரை யோசித்த கதைகள் பழைய மருத்துவக் குறிப்புகளில் உண்டு. அந்த நஞ்சிலுள்ள ஆல்ஃபா லாட்ரோடாக்சின் நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும் ரசாயனத்தை ஒரே நேரத்தில் கொட்ட வைத்துவிடுகிறது. அதனால்தான் இத்தனை பிடிப்பு.

கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள். கட்டுக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். நஞ்சு மெதுவாகத்தான் நகரும், இறுக்கிக் கட்டினால் வலிதான் கூடும். ஆரோக்கியமான பெரியவர் இறப்பது மிக மிக அரிது. விதவைகளில் ஒன்றான ஆஸ்திரேலியச் செம்முதுகுச் சிலந்திக்கு 1956-இல் நச்சுமுறி மருந்து வந்தது, அதன் பிறகு அங்கே சாவு என்பது விரல்விட்டு எண்ணக்கூட வேண்டியதில்லாத அளவுக்குப் போய்விட்டது. குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் என்றால் மட்டும் கடித்த நிமிடமே கிளம்பிவிடுங்கள்.

#8 தூசிதட்டி

இவ்வளவுக்கும் பதிலாகத்தான் நான் செருப்பு என்றேன்.

#9 கதவிடுக்கு

எடுத்துவிட்டேன்! பதினொன்றரை மணிக்கு அது வலையின் நடுவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டுக்கண் அக்கா சொன்னது போல மேலேயிருந்து பார்த்தால் வயிறுதான்.

சிவப்பு எதுவும் இல்லை. உடுக்கையும் இல்லை, புள்ளியும் இல்லை. மங்கிய பழுப்பு. டார்ச்சைச் சாய்த்து அடித்தபோது ஒன்று கவனித்தேன், அது கருப்பே இல்லை. கத்தரிப்பூ நிறம் கலந்த அடர் பழுப்பு. முதுகின் முன்விளிம்பில், தலைமார்பை ஒட்டி, பிறை நிலா போல வெளுத்த ஒரு கோடு. மிக மங்கலாக. முதல் நாள் படத்தில் இது தெரியவே இல்லை.

பக்கத்தில் இரண்டு முட்டைப் பைகள். வெள்ளை, பஞ்சு உருண்டை மாதிரி, உள்ளே இளஞ்சிவப்பாக முட்டைகள் தெரிகின்றன. தலைக்கு முன்னாலிருந்து எடுத்த படம் கலங்கிவிட்டது, கை நடுங்கியதால். மூன்று படங்களும் கீழே.

#10 எட்டுக்கண்

பிறை, பஞ்சு உருண்டை, உடுக்கை இல்லை. ஸ்டியடோடா கிராஸா. பெண். ஆங்கிலத்தில் இதற்கு அலமாரிச் சிலந்தி என்றே ஒரு பெயர் உண்டு, நீங்கள் பிடித்த இடமே சாட்சி. தூங்குங்கள்.

தூங்காதவர்களுக்காக விரிவாகச் சொல்கிறேன்.

விதவைப் பெண்ணின் வயிற்றில் இருக்கும் அந்தச் சிவப்புக் குறியை மணற்கடிகாரம் என்று எழுதுகிறார்கள். நமக்கு உடுக்கை என்றால் சட்டென்று புரியும். இரண்டு முக்கோணம், நுனியோடு நுனி, இடுப்பு ஒடுங்கி. ஆனால் எல்லா விதவைக்கும் கடையில் வாங்கிய உடுக்கை மாதிரி அச்சாக இருக்காது. வட அமெரிக்காவின் வடக்கு விதவைக்கு இடுப்பு அறுந்து இரண்டு துண்டாக இருக்கும். பழுப்பு விதவைக்குச் சிவப்பாக இல்லாமல் ஆரஞ்சாக, சில நேரம் மஞ்சளாக. குஞ்சுகளுக்கு வெளிறிப் போய். அதனால் "உடுக்கை அழகாக இல்லை" என்பதை வைத்து விடுவிக்காதீர்கள். "வயிற்றின் நடுவில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எதுவுமே இல்லை" என்றால்தான் பாதி விடுதலை.

மீதிப் பாதிக்குப் பிறைக் கோடு. ஸ்டியடோடாவில் பின்னுடலின் முன்விளிம்பை அணைத்தாற்போல ஒரு வெளிர் வளையம் வரும். கிராஸாவில் வயதான பெண்ணுக்கு இது தேய்ந்து, முழுக்கக் கருத்துப் போயிருக்கும். உங்களுடையது அந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறது போல.

முட்டைப் பை எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த சாட்சி, ஏனென்றால் அது ஓடாது. விதவையின் பை காகிதம் போலக் கெட்டியாக இழுத்து நெய்தது, உள்ளே தெரியாது. கிராஸாவின் பை தளர்ந்த பஞ்சு, முட்டை தெரியும்.

கடைசியாகக் கண். கிளிப் லென்ஸ் இருந்தால் மட்டும். எட்டுக் கண், வரிசைக்கு நான்காக இரண்டு வரிசை. இரு ஓரத்திலும் மேல் வரிசைக் கண்ணும் கீழ் வரிசைக் கண்ணும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தால் ஸ்டியடோடா பக்கம். தெளிவாக விலகி நின்றால் விதவை. நிறம் மாறும், புள்ளி அழியும், இது மாறாது.

#11 லென்ஸ்காரர்

கண் இடைவெளியை நானே இரண்டு முறை தப்பாகப் பார்த்திருக்கிறேன் அக்கா. பளபளப்பில் ஒரு கண் இரண்டாகத் தெரியும். அதனால் நான் வலையையும் தொட்டுப் பார்ப்பேன், ஒரு குச்சியால். விதவை வலை அசாத்திய உறுதி. இழுத்தால் நறநறவென்று காகிதம் கிழிவது போலக் காதில் கேட்கும். விதவை நூலை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொலைநோக்கிக் குறிகளில் குறுக்குக் கோடாகக்கூடப் பயன்படுத்தினார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். வலையின் அடியிலிருந்து தரைக்குச் செங்குத்தாக விறைப்பான நூல்கள் இறங்கும். அவற்றின் கால்மாட்டில் மட்டும் பசைத் துளிகள், டார்ச்சில் மின்னும். ஒரு எறும்பு அதில் முட்டியதும் நூல் தரையிலிருந்து அறுந்து சுண்டி மேலே போகும், எறும்பு அந்தரத்தில் ஊஞ்சலாடும். பிறகு சிலந்தி சாவகாசமாக இறங்கி, பின்னங்காலால் பசை நூலை வாரி வாரி எறியும். அந்தக் காலின் நுனியில் சீப்புப் பல் போல முடி இருப்பதால்தான் சீப்புக்கால் சிலந்திகள் என்று பெயர். இது விதவைக்கும் உண்டு, ஸ்டியடோடாவுக்கும் உண்டு, அதனால் பிரித்தறிய உதவாது. பார்க்க அழகு, அதனால் எழுதினேன்.

#12 இரவுப்பணி

எட்டுக்கண், ஒரு சின்னத் திருத்தம். "தூங்குங்கள்" சரி. ஆனால் இழையில் இரண்டு மூன்று பேர் தனிச்செய்தியில் "அப்போ கையில் எடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஸ்டியடோடாவும் கடிக்கும். கடித்த இடம் வலிக்கும், வீங்கும், சிலருக்குக் கொப்புளம், தலைவலி, ஓரிரு நாள் சோர்வு. விதவைக் கடியின் தம்பி என்று சொல்லலாம். கிராஸாவின் நஞ்சைச் செம்முதுகுச் சிலந்தியின் நச்சுமுறி அடக்குகிறது என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள், அந்த அளவுக்கு நஞ்சு உறவு.

அதே பேரினத்தில் ஸ்டியடோடா நோபிலிஸ் கொஞ்சம் கூடுதல் கவனம் கேட்கும். மடீரா, கேனரி தீவுகளிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் 1879-இலேயே பதிவாகியிருக்கிறது. அதன் கடி சிலருக்குச் சாதாரண வீக்கத்தையும் தாண்டிப் போகிறது என்று அயர்லாந்து ஆய்வாளர்கள் 2021-இல் எழுதினார்கள்.

#13 எட்டுக்கண்

ஒப்புக்கொள்கிறேன் டாக்டர். "தீங்கற்ற" என்று நான் சொன்னால் "உயிருக்குத் தீங்கற்ற" என்று வாசியுங்கள்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 2018-இல் கிழக்கு லண்டனில் சில பள்ளிகளை, பொய் விதவை என்று அழைக்கப்படும் இந்த நோபிலிஸுக்காக மூடிவிட்டார்கள். நூறாண்டுக்கு மேலாக அங்கே வாழும் சிலந்தி. பயமும் ஒரு அளவோடு இருக்க வேண்டும் இல்லையா.

#14 சொல்லாடி

இடையில் ஒரு சந்தேகம். இந்தப் பெயரே எனக்கு உறுத்துகிறது. துணையைத் தின்றுவிட்டு நிற்பதற்கு "விதவை" என்று பெயரா? கொன்றவளுக்கு வேறு பெயரல்லவா வைக்க வேண்டும்?

#15 எட்டுக்கண்

பெயர் வைத்தது நாங்கள் இல்லை சொல்லாடி. வால்கெனார் 1805-இல் வைத்த லாட்ரோடெக்டஸ் என்ற பெயரில் விதவை எதுவும் இல்லை, அது மக்கள் வாயில் வந்தது. பல விதவை இனங்களில் ஆண் பெரும்பாலும் தப்பித்துப் போய்விடும். கூண்டில் அடைத்து வைத்துப் பார்த்தால் தப்ப வழியில்லை, தின்னத்தான் செய்யும். செம்முதுகுச் சிலந்தி ஒரு விதிவிலக்கு. அதில் ஆண் புணரும்போதே குட்டிக்கரணம் அடித்துத் தன் உடலைப் பெண்ணின் வாய்க்கு நேராகக் கொண்டுபோய் வைக்கும். அதைக் கொலை என்பதா, தானம் என்பதா, நீங்கள்தான் சொல்லாடி.

ஸ்டியடோடா ஆண் இன்னும் சுவாரசியம். பைபங்டாட்டா என்ற இனத்தில் ஆண் பின்னுடலைத் தலைமார்பின் மேல் உராய்ந்து ஒலி எழுப்பிப் பெண்ணை அழைக்கும். நம் காதுக்கு எட்டுமா என்று கேட்காதீர்கள், பெண்ணுக்கு வலை வழியாக எட்டினால் போதும்.

#16 கருவேப்பிலைக்கொத்து

நானும் ஒன்று கேட்கலாமா? பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தேன். அடியில் ஒரு சிலந்தி. கருப்பு இல்லை, சாம்பலும் பழுப்பும் கலந்து புள்ளிப் புள்ளியாக, கால்களில் பட்டை பட்டையாகக் கருப்பு. சாதாரண வீட்டுச் சிலந்திதானே? பளபளப்பே இல்லை. பிள்ளைகள் ஒரு வாரமாக அதை வேடிக்கை பார்க்கிறார்கள். பக்கத்தில் ஊமத்தங்காய் மாதிரி முள் முள்ளாக மூன்று உருண்டை, விதை ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது போல.

#17 எட்டுக்கண்

நிறுத்துங்கள். அந்த முள் உருண்டை விதை இல்லை, முட்டைப் பை. பிள்ளைகளை அங்கிருந்து நகர்த்திவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

சிலந்தி உலகில் முட்டைப் பையை ஊமத்தங்காய் மாதிரி முள் வைத்துச் செய்யும் விதவை ஒன்றுதான், லாட்ரோடெக்டஸ் ஜியோமெட்ரிகஸ், பழுப்பு விதவை. பை சுமார் ஒரு சென்டிமீட்டர். வயிற்றைப் பாருங்கள், ஆரஞ்சு உடுக்கை இருக்கும்.

#18 கருவேப்பிலைக்கொத்து

இருக்கிறது. ஆரஞ்சு. அச்சு அசல் உடுக்கை. கை கால் உதறுகிறது.

#19 எட்டுக்கண்

உதற வேண்டாம். ஒரு வாரமாக வேடிக்கை பார்த்த பிள்ளைகளை அது ஒன்றும் செய்யவில்லை. பழுப்பு விதவை மிகக் கூச்ச சுபாவம், தொட்டால் சுருண்டு விழும். கடித்தாலும் பெரும்பாலும் கடித்த இடத்து வலியோடு நின்றுவிடும்.

இது எனக்கு எப்போதும் பிடித்த உதாரணம். கதவிடுக்குக்கு விதவை மாதிரி இருந்தது விதவை இல்லை. உங்களுக்கு விதவை மாதிரியே இல்லாதது விதவை. நிறத்தை நம்பினால் இரண்டு பேருமே ஏமாந்திருப்பீர்கள்.

இதோடு குழப்பிக்கொள்வது பாரஸ்டியடோடா டெபிடாரியோரம் என்ற சாதாரண வீட்டுச் சிலந்தியை. அதுவும் புள்ளி புள்ளியாகப் பழுப்பு, அதுவும் காலில் பட்டை. ஆனால் அதன் பின்னுடல் நீளத்தைவிட உயரம் அதிகம், பக்கவாட்டில் பார்த்தால் கவிழ்த்த துளி போல இருக்கும். பை பழுப்புக் காகிதம், முள் கிடையாது. வயிற்றில் உடுக்கை கிடையாது.

நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டு, கையுறையோடு நீளமான குச்சியில் பைகளைச் சுருட்டி எடுத்து சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். உட்காரும் இடத்தின் அடிவிளிம்பில் கை வைத்துத் தூக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அதற்குப் பிடித்த இடமே அதுதான்.

#20 தூசிதட்டி

ஆக, செருப்பு இந்த முறை சரியா?

#21 எட்டுக்கண்

இந்த முறை அரை மதிப்பெண்.

#22 லென்ஸ்காரர்

இந்தப் பக்கத்துக்கு மாதா மாதம் வரும் "விதவையா?" படங்களில் அதிகம் திரும்பத் திரும்ப வருபவை சில உண்டு. முதுகில் சிவப்பு, உடல் கருப்பு, ஆனால் தரையில் எறும்பு போலச் சுறுசுறுப்பாக ஓடுகிறது: அது எறும்பு வேஷச் சிலந்தி, காஸ்டியனெய்ரா. பெண் விதவை தரையில் இப்படி ஓடாது, கதவிடுக்கு முதல் பதிவில் சொன்ன தடுமாற்ற நடைதான் அதன் நடை. கருப்பு உடலில் வெள்ளை அல்லது ஆரஞ்சுப் புள்ளி, குட்டையான கால், உங்களைத் திரும்பிப் பார்க்கிறது, தாவுகிறது: தாவும் சிலந்தி. இரண்டு பெரிய கண் முன்னால் இருந்தால் விதவை பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கால்களும் தலைமார்பும் செங்கல் நிறம், பின்னுடல் கருத்தது, வீட்டு மூலையில் ஒட்டடை: நெஸ்டிகோடஸ் ரூஃபிபெஸ், செவ்வீட்டுச் சிலந்தி. ஆஸ்திரேலியாவில் இதைச் செம்முதுகு என்று நினைத்துப் பதறுவோர் நிறைய. சிவப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காலில் சிவப்பு என்றால் செம்முதுகு இல்லை, முதுகுக் கோட்டில் சிவப்பு என்றால்தான் செம்முதுகு.

அப்புறம் சக்கரம் போன்ற வட்ட வலை கட்டும் சிலந்திகள். அவற்றின் வயிற்றில் இரண்டு வெளிர் கமா இருக்கும், அடைப்புக்குறி போல எதிரெதிரே. அதை உடுக்கை என்று நினைப்பவர்கள் அதிகம். வலை வட்டமாக ஒழுங்காக இருந்தால் விதவை இல்லை. இதற்கு விதிவிலக்கு நான் கண்டதில்லை.

ஆண் விதவையையும் குஞ்சுகளையும் நான் இதில் சேர்க்கவில்லை. அவை வெள்ளைக் கோடும் ஆரஞ்சுப் புள்ளியுமாக வேறு ஏதோ சிலந்தி போலவே இருக்கும், ஒவ்வொரு தோலுரிப்பிலும் கருத்துக்கொண்டே போகும். அது தனி இழைக்கு உரிய விஷயம்.

#23 சொல்லாடி

நியூசிலாந்துக்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா? அங்கே கடற்கரை மணல்மேட்டில் கட்டிப்போ என்ற விதவை இருந்ததாமே?

#24 எட்டுக்கண்

இருக்கிறது, இப்போது குறைந்துவிட்டது. அதன் கதை வேடிக்கை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஸ்டியடோடா கேப்பென்சிஸ் பல மணல்மேடுகளில் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது, அங்கே அதற்குப் பெயரே பொய்க் கட்டிப்போ. நஞ்சுள்ளதைத்தான் 2010-இல் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினமாகச் சேர்த்தார்கள். பார்த்தால் இரண்டும் கருப்பு. கேப்பென்சிஸுக்கும் சில நேரம் பின்முனையில் சிவப்புத் தீற்று வரும், ஆனால் வயிற்றில் உடுக்கை வராது. அங்கே செருப்பைத் தூக்கினால் சட்டமே குறுக்கே நிற்கும், தூசிதட்டி கவனிக்க.

#25 கதவிடுக்கு

ஒரு மாதம் கழித்து வருகிறேன். அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தியே வைத்துவிட்டேன், குழந்தை அங்கே போகாதபடி மறித்தும் விட்டேன். பைகளில் ஒன்று பொரிந்துவிட்டது. கடுகை இறைத்தது போல வெளிர்க் குஞ்சுகள் இரண்டு நாள் வலையில் தொங்கின, மூன்றாம் நாள் ஒன்றுகூட இல்லை.

வலைக்கு அடியில் ஒரு கரப்பானின் மேலோடும், ஒரு பெரிய பூரானின் பாதியும் கிடந்தன. அதைப் பார்த்த பிறகு என் மனைவி "அது அங்கேயே இருக்கட்டும்" என்றுவிட்டாள். ஸ்டியடோடா கிராஸா மற்றச் சிலந்திகளையும் தின்னும், விதவையைக்கூட விடாது என்று படித்தேன். உண்மையா அக்கா?

அப்புறம், வயிற்றுப் படத்தை அந்தச் செயலியிடம் மறுபடியும் காட்டினேன். "பொத்தான்" என்றது.

#26 எட்டுக்கண்

உண்மை. விதவையைக் கிராஸா பிடித்துத் தின்றதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பழுப்பு விதவையும் சும்மா இல்லை. புளோரிடாவில் அது தெற்குக் கருப்பு விதவையைத் தாக்கித் தின்கிறது என்று 2023-இல் ஒரு ஆய்வு வந்தது. ஆக, கருவேப்பிலைக்கொத்து வீட்டு விருந்தாளியும் ஒரு வகையில் வேட்டைக்காரர்தான், ஆனால் அவரை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

பொத்தான் அருமை. அதையும் இணைத்துவிடுங்கள்.

#27 தூசிதட்டி

யாரும் சிரிக்கக் கூடாது. என் ஜன்னலுக்கு வெளியே ஒன்று. அடிப்பக்கம் கருப்பு, நடுவில் மஞ்சளாக ஏதோ இரண்டு குறி. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, வயிற்றைத்தான் எடுத்திருக்கிறேன், கையுறையும் போட்டிருந்தேன். செருப்பு காலில்தான் இருந்தது. படம் கீழே. இது அதுவா?

#28 லென்ஸ்காரர்

வலை?

#29 தூசிதட்டி

சக்கரம் மாதிரி. வட்டமாக. ரொம்ப ஒழுங்காக.

#30 எட்டுக்கண்

இரண்டு கமா. போய்ப் படுங்கள் தம்பி.